நூற்று நாற்பத்து நான்கு மீட்டர்

பிப்ரவரி 19

தம்பிக்கு,

அக்கா எழுதுவது. அத்தானும் சின்னவளும் சுகம். என் உடம்புக்கும் ஒன்றுமில்லை. மலைக்காற்று உன் மூச்சிரைப்புக்கு ஒத்துக்கொள்கிறதா, ராத்திரி கம்பளி போர்த்துகிறாயா என்பதை இந்தத் தடவையாவது எழுது. போன கடிதம் முழுக்க உங்கள் முகாமில் சாமான் சுமக்கும் கழுதையைப் பற்றியே இருந்தது. நான் கேட்டது உன் சுகத்தை.

விஷயத்துக்கு வருகிறேன். என்னை மைக்கிலிருந்து இறக்கிவிட்டார்கள். எட்டு நாளாகிறது.

எங்கள் விமான நிலையத்தில் இரண்டு ரன்வே, இரண்டும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகும் என்பது உனக்குத் தெரியும். நீள ரன்வேயில் இறங்குகிற விமானம் அந்தச் சந்திப்பைத் தாண்டும்வரை, குறுக்கு ரன்வேயில் நிற்பது ஓடத் தொடங்கக்கூடாது. பதினோரு வருஷமாக டவரில் உட்கார்ந்து மைக்கில் விமானங்களை ஏற்றி இறக்கும் என் வேலையின் உயிரே இந்த ஒரு வரிதான்.

அன்றைக்குப் பிற்பகல் மூன்றரை மணிக்கு நீள ரன்வேயில் ஒரு சரக்கு விமானம் இறங்கியது. குறுக்கில் எட்டுப் பேர் ஏறிய சின்ன விமானம் காத்திருந்தது. அந்த நேரத்தில் கான்கிரீட் முழுக்க ஒரே வெள்ளையாகப் பளபளக்கும். சந்திப்பின் கோடு எங்கே, ஓரம் எங்கே என்று ஒன்றும் தெரியாது. அதனால் நாங்கள் எல்லோரும் வேலிக்கு அப்பால் நிற்கும் தண்ணீர்த்தொட்டியைத்தான் பார்ப்போம். விமானத்தின் வால் தொட்டியைத் தாண்டிவிட்டால் சந்திப்பையும் தாண்டிவிட்டது என்று அர்த்தம். வேலைக்குச் சேருகிற அன்றே சொல்லித்தருகிற பாடம் அது. வால் தாண்டியது. என் கண்ணால் பார்த்தேன். சின்ன விமானத்திடம் "கிளம்பலாம்" என்று சொன்னேன்.

அது ஓடத் தொடங்கியது. சரக்கு விமானமோ சந்திப்புக்கு இந்தப் பக்கமே ஊர்ந்துகொண்டிருந்தது. சின்ன விமானத்தின் பைலட் பார்த்துவிட்டு பிரேக்கை அழுத்தி நிறுத்திவிட்டார். இரண்டுக்கும் நடுவே இருநூறு மீட்டர். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. ஆனால் அவர் ரேடியோவில் கேட்டது இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. "டவர், பார்த்துத்தான் அனுப்புனீங்களா?"

சட்டையில் ஒரு மடிப்பு கலையாமல் வருவாரே, நாங்கள் இஸ்திரி என்று பெயர் வைத்திருக்கும் எங்கள் தலைவர், அவர் ஒரு தாளை நீட்டினார். 'கவனக்குறைவு முழுவதும் என்னுடையது' என்று நான் கையெழுத்துப் போட்டால் விசாரணை கிடையாது. ஓய்வு பெறும்வரை ஆவண அறையில் உட்காரலாம், மைக்கை மட்டும் ஜென்மத்துக்கும் தொடக்கூடாது. போடாவிட்டால் ஜூன் 12 அன்று விசாரணைக் குழு. அதில் தோற்றால் லைசென்ஸும் போச்சு, வேலையும் போச்சு.

நான் என்ன செய்யட்டும்? நம் வீட்டிலேயே வாதாடத் தெரிந்தவன் நீதான். உடனே எழுது.

உன் அக்கா

*

மார்ச் 8

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சௌக்கியம். கம்பளி போர்த்துகிறேன். மூச்சிரைப்பு மலையேறும்போது மட்டும் வருகிறது. இங்கே ஏறாமல் எங்கும் போக முடியாது என்பதுதான் சிக்கல். கடித மூட்டை பத்து நாளைக்கு ஒருமுறை லாரியில்தான் வரும். தாமதத்துக்கு என்னைத் திட்டாதே, லாரியைத் திட்டு.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். கையெழுத்துப் போட்டுவிடு, அக்கா.

ஆவண அறையில் மின்விசிறி இருக்கும், ஞாயிற்றுக்கிழமை விடுமுறை இருக்கும். சின்னவளைப் பள்ளிக்கூடத்தில் நீயே கொண்டுபோய் விடலாம். குழு, விசாரணை என்று போனால் அவர்கள் எழுதுவதுதான் எழுத்து. நாலு பேர் முன்னால் நின்று, நடந்ததை நாற்பது தடவை சொல்லி, கடைசியில் அதே தாளில்தான் வந்து நிற்பாய். மைக் என்ன, பெற்ற பிள்ளையா? போட்டுவிட்டு நிம்மதியாக இரு.

அத்தானுக்கு என் அன்பு. சின்னவளிடம் கழுதை விசாரித்ததாகச் சொல்.

தம்பி

*

மார்ச் 16

தம்பிக்கு,

எல்லோரும் சுகம். எனக்கு மட்டும் ரத்தக்கொதிப்பு, அது உன் உபயம்.

உன் கடிதத்தை அத்தானிடம் நீட்டி, "இது அவன் கையெழுத்துதானா, பாருங்க" என்றேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்துவிட்டு, "கையெழுத்து அவனோடதுதான். மூளைதான் யாரோடதுன்னு தெரியலை" என்றார்.

அரை மார்க் குறைத்துவிட்டார் என்று கணக்கு வாத்தியார் வீடு வரைக்கும் போய், அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை வாசலில் நின்று, அந்த அரையை வாங்கிக்கொண்டு வந்தவன் நீ. நீயா எனக்குக் கையெழுத்துப் போடு என்கிறாய்? மைக் பெற்ற பிள்ளையா என்று கேட்கிறாய். காலையில் எழுந்ததும் ஜன்னலைத் திறந்து காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டுத்தான் பல் தேய்க்கிறேன், இன்றைக்கும். வேலை இல்லாத இந்த ஒரு மாதமும் அப்படித்தான். சமையல்கட்டில் நிற்கும்போது தலைக்கு மேலே சத்தம் கேட்டால், இவன் தாழ வருகிறானே, குறுக்கில் யார் நிற்கிறார்கள் என்று கை அப்படியே நின்றுவிடுகிறது. எனக்கு அந்த நாற்காலி வேண்டும். வெட்கமில்லாமல் சொல்கிறேன், வேண்டும்.

ஆனால் ஒன்று என்னை அரிக்கிறது. கண் டாக்டரிடம் போனேன். எல்லா எழுத்தையும் படிக்கவைத்துவிட்டு, "இந்தக் கண்ணை எனக்குக் கொடுத்துட்டுப் போங்க" என்றார். கண் சரி. பக்கத்து நாற்காலியில் இருந்த தோழியும் வால் தொட்டியைத் தாண்டியதைப் பார்த்ததாகச் சொல்கிறாள். ஆனால் விமானம் சந்திப்பைத் தாண்டவில்லை என்பதும் நிஜம். இரண்டும் எப்படி நிஜமாக இருக்க முடியும்? இஸ்திரியிடம் கேட்டேன். "தொட்டி நகராதும்மா. அப்போ நகர்ந்தது யாருன்னு நீங்களே யோசிச்சுக்குங்க" என்றார்.

ஏன் அப்படி எழுதினாய் என்று சொல். சுற்றி வளைக்காமல் சொல்.

அக்கா

*

ஏப்ரல் 11

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே மழை. கூடாரத்தில் மூன்று இடத்தில் ஒழுகுகிறது; நான்காவது இடத்தில் நான் படுக்கிறேன். சளி பிடித்து விட்டுவிட்டது, கவலைப்படாதே. சுரங்கப்பாதைக்குக் கோடு போட்டு முடித்துவிட்டோம். இரண்டு பக்கத்திலிருந்தும் குடைந்து வருகிறவர்கள் நடுவில் சந்திப்பார்கள் என்று நம்புகிறோம். சந்திக்காவிட்டால் இரண்டு சுரங்கமாக வைத்துக்கொள்ள வேண்டியதுதான். கழுதைக்குக் குட்டி பிறந்திருக்கிறது.

தாள் விஷயத்தில் நான் சொன்னது தவறாக இருக்கலாம். உன் இஷ்டப்படி செய். அதற்கு மேல் கேட்காதே, அக்கா.

சின்னவளின் பல் விழுந்ததா?

தம்பி

*

ஏப்ரல் 20

தம்பிக்கு,

பல் விழுந்தது. எல்லோரும் சுகம். நான் சுகத்துக்கும் மேலே.

குழு கூடும்வரை என்னை ஆவண அறையில் கோப்பு தேட விட்டிருக்கிறார்கள். அது எங்கே இருக்கிறது தெரியுமா? பழைய டவரில். போன ஜூனில் புது டவருக்குக் குடிபோனோமே, அதற்குப் பிறகு பழையதைக் கோப்பு அடுக்கும் இடமாக ஆக்கிவிட்டார்கள். நேற்று ஒரு கோப்பைத் தேடி உச்சி அறைக்கு ஏறினேன். பத்து வருஷம் உட்கார்ந்த இடம். பழக்க தோஷத்தில் ரன்வேயைப் பார்த்தேன். வாரத்தில் ஒருநாள் பராமரிப்புக்காக முக்கால் மணி நேரம் ரன்வேயை மூடுவார்கள். புல்வெட்டும் டிராக்டர் சரியாகச் சந்திப்பின் நடுவில் நின்றுகொண்டிருந்தது, டிராக்டர்காரர் இறங்கி ஏதோ ஒரு சக்கரத்தைத் திட்டிக்கொண்டிருந்தார். டிராக்டருக்கு நேர் பின்னால் தண்ணீர்த்தொட்டி. தலையில் வைத்த தொப்பி மாதிரி கச்சிதமாக. நம் கணக்கு சரிதானே என்று நினைத்துக்கொண்டு இறங்கினேன்.

கோப்பைக் கொடுக்கப் புது டவருக்கு நடந்தேன். மேலே ஏறிப் பார்த்தால் டிராக்டர் அதே இடத்தில், டிராக்டர்காரர் அதே சக்கரத்தைத் திட்டிக்கொண்டிருக்கிறார். தொட்டி அவருக்குப் பின்னால் இல்லை. வலப்பக்கம், வெகு தூரம் தள்ளித் தனியாக நிற்கிறது.

தொட்டி நகரவில்லை, தம்பி. நாங்கள்தான் நகர்ந்தோம். இருநூற்று நாற்பது மீட்டர் வலப்பக்கம் தள்ளிப் புது டவரைக் கட்டி, பழைய டவரின் குறியையும் நாற்காலிகளோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டோம். ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான் தோன்றவில்லை.

பின்னே எட்டு மாதம் ஏன் ஒன்றும் நடக்கவில்லை என்று நீ கேட்பாய். அதையும் யோசித்துவிட்டேன். விமானம் காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். அந்த எட்டு மாதமும் அநேகமாக ஒரே காற்று, எல்லாம் இடமிருந்து வலமாக ஓடின. முதலில் சந்திப்பு, பிறகுதான் தொட்டி. தப்பு எங்களுக்குச் சாதகமாகவே இருந்தது. பிப்ரவரியில் காற்று திரும்பியது. வலமிருந்து இடமாக வரும்போது முதலில் தொட்டி வந்துவிடும், சந்திப்பு அப்புறம்தான். காற்று திரும்பிய மூன்றாம் நாள், என் முறை.

உடனே இஸ்திரியிடம் ஓடினேன். "தப்பிக்க வழி தேடாதீங்க, தாள் இன்னும் மேஜைமேலதான் இருக்கு" என்றார். அதை விட்டுத்தள்ளு. ஆனால் மேலே இன்னமும் தொட்டியைப் பார்த்துத்தானே அனுப்புகிறார்கள்? டவரில் இருக்கும் ஐந்து பேரையும் தேநீர் நேரத்தில் ஒவ்வொருவராகப் பிடித்து, தொட்டியை நம்பாதீர்கள், சந்தேகம் வந்தால் விமானம் திரும்பி வெளியேறும்வரை காத்திருங்கள் என்று சொல்லிவிட்டேன். கேட்டுக்கொண்டார்கள். குழுவிடம் வந்து சொல்லத்தான் ஒருவருக்கும் வாய் வரவில்லை.

வரைபடம் இணைத்திருக்கிறேன். பழைய டவரிலிருந்து சந்திப்பு அறுநூறு மீட்டர். சந்திப்பிலிருந்து தொட்டி தொள்ளாயிரம். இரண்டு டவருக்கும் நடுவே இருநூற்று நாற்பது. புது டவரிலிருந்து பார்த்தால் குறி எவ்வளவு தூரம் தப்பும் என்று ஒரு சர்வேயர் கையெழுத்தோடு எனக்கு வேண்டும். அந்தக் கையெழுத்தைப் போட உனக்கு ஆட்சேபணை இருக்காது என்று நம்புகிறேன்.

அக்கா

*

மே 9

தம்பிக்கு,

உயிரோடு இருக்கிறாயா? லாரி உயிரோடு இருக்கிறதா? இருபது நாளாகிறது. இங்கே எல்லோரும் சுகம். ஆனால் ஜூன் 12-க்கு இன்னும் ஒரு மாதம்தான். அந்தக் கணக்கை நானே பள்ளிக்கூட ஸ்கேலை வைத்துப் போட்டேன், நூறு மீட்டருக்கு மேல் வருகிறது. சின்னவளின் ஸ்கேலைக் குழு ஒப்புக்கொள்ளாது.

உனக்கு உடம்புக்கு ஏதாவது என்றால் யாரிடமாவது சொல்லி இரண்டு வரி எழுதச் சொல். கோபம் என்றால் நீயே எழுது.

அக்கா

*

மே 17

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. லாரியும் நன்றாக இருக்கிறது. மூன்று தடவை எழுதிக் கிழித்தேன், அதுதான் தாமதம்.

முதலில் கணக்கு. நூற்று நாற்பத்து நான்கு மீட்டர். மூன்று வழியில் போட்டுப் பார்த்தேன், அதேதான் வருகிறது. வலமிருந்து வரும் விமானத்தின் வால் தொட்டியை விட்டு விலகும் அந்த நொடியில், விமானம் சந்திப்புக்கு நூற்று நாற்பத்து நான்கு மீட்டர் முன்னால்தான் இருக்கும். வேகமாக ஓடுகிற விமானம் அதை இரண்டு மூன்று நொடியில் கடந்துவிடும், யாருக்கும் தெரியாது. உன் சரக்கு விமானம் பிரேக் போட்டு ஊர்ந்ததால்தான் குட்டு வெளிப்பட்டது. உன் கண் பொய் சொல்லவில்லை, அக்கா. கையெழுத்தும் முத்திரையும் வைத்த தாள் உள்ளே இருக்கிறது.

இனி மற்றது. மலை பிடிக்கும், அதனால் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன் என்று உங்களிடம் சொன்னேனே, அது பொய். ஆற்றுப்பாலத்தின் மூன்றாம் தூண் எங்கே வரவேண்டும் என்று அளந்து அடையாள முளை அடித்தவன் நான். சரியாகத்தான் அடித்தேன். மழையில் மண்வாரி இயந்திரம் அதை இடித்துச் சாய்த்துவிட்டது. மேஸ்திரி யாரிடமும் சொல்லாமல் கண்மட்டத்தில் திரும்ப நட்டுவிட்டார். குழி வெட்டி முடித்த பிறகுதான் முக்கால் மீட்டர் விலகியிருப்பது தெரிந்தது. பெரிய இஞ்சினியர் என்னைக் கூப்பிட்டு, "சின்ன விஷயம்பா. நீ ஒரு கையெழுத்தைப் போட்டுட்டுக் கொஞ்ச நாள் மலைப்பக்கம் போயிட்டு வா. ஆறிடும்" என்றார். போட்டேன். மூன்று வருஷமாகிறது, ஆறவில்லை. என் பதவி உயர்வுக் கோப்பில் முதல் பக்கத்தில் அந்தத் தாள்தான் இருக்கிறது.

உன் முதல் கடிதம் வந்தபோது எனக்கு உன்மேல் அக்கறை வரவில்லை. பயம்தான் வந்தது. நீ போடாமல் நின்று ஜெயித்துவிட்டால் நான் போட்டது வெறும் கோழைத்தனம் என்று ஆகிவிடுமே என்று பயந்தேன். அதனால்தான் போடு என்று எழுதினேன். உனக்குத் தெரியாமல் உன்னை என் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளப் பார்த்தேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

போடாதே, அக்கா.

தம்பி

*

மே 27

கழுதைக்கு,

நீ எழுதுகிற கழுதையைச் சொல்லவில்லை, உன்னைத்தான். எல்லோரும் சுகம். உன் கடிதத்தைப் படித்துவிட்டு அரை மணி நேரம் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். மூன்று வருஷம் இதைச் சுமந்துகொண்டு, எங்களுக்குக் கழுதைக் கதை எழுதிக்கொண்டிருந்தாயா? ஒரு வரி எழுதியிருந்தால் நானும் அத்தானும் அந்தப் பெரிய இஞ்சினியர் வீட்டு வாசலில் போய் நின்றிருக்க மாட்டோமா?

உன்மேல் கோபம் இல்லை. இருந்தது, இரண்டு நாள். அத்தான்தான் சொன்னார். "அவன் உனக்கு எழுதினது முதல்ல தப்பு, அப்புறம் சரி. தப்பை எழுத ஒரு பொழுது போதும். சரியை எழுதத்தான் மூணு தடவை கிழிச்சிருக்கான்" என்று.

தாளை இன்று இஸ்திரியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கையெழுத்து இடம் வெள்ளையாகவே. "யோசிச்சுத்தான் செய்றீங்களா?" என்றார். "மூணு மாசமா வேற வேலையே இல்லை சார், யோசிக்கிறதைத் தவிர" என்றேன்.

உன் அளவுப் புத்தகம் இருக்கிறதா? மூன்றாம் தூணுக்கு முளை அடித்த அன்று எழுதிய பக்கம்? நீ ஒரு சிட்டையைக்கூடத் தூக்கிப் போடாதவன், இருக்கும் என்று எனக்குத் தெரியும். உங்கள் தலைமை அலுவலகம் எங்கள் வீட்டிலிருந்து நாலு தெரு. இதை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன். மற்றதை நீயே யோசி.

அக்கா

*

ஜூன் 13

தம்பிக்கு,

சுகம், சுகம், எல்லோரும் சுகம். ஜெயித்துவிட்டேன். இதை முதலில் எழுதாவிட்டால் நீ நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போவாய்.

குழுவில் மூன்று பேர். நடுவில் இருந்த அம்மாள் முன்னாள் பைலட், நரைத்த தலை, பேச்சே இல்லை. இஸ்திரி அறிக்கையைப் படித்தார். பதினெட்டுப் பக்கம். அதில் 'தொட்டி' என்ற சொல் ஒரு தடவைகூட வரவில்லை. என் முறை வந்தது. உன் தாளையும் வரைபடத்தையும் கொடுத்தேன். இடப்பக்கம் இருந்தவர் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சரி, இது வேலைக்கு ஆகாது என்று புரிந்தது.

"பத்தே முக்காலுக்கு ரன்வேயைப் பராமரிப்புக்கு மூடுறாங்க. எல்லாரும் ஒரு தடவை மேல வர முடியுமா?" என்றேன். அந்த அம்மாள் எழுந்துவிட்டார். அவர் எழுந்தால் மற்றவர்கள் உட்கார முடியுமா?

டிராக்டர்காரரிடம் முந்தின நாளே பேசி வைத்திருந்தேன். நீள ரன்வேயின் வலது கோடியிலிருந்து சந்திப்பை நோக்கி மெதுவாக ஓட்டி வரவேண்டும், வாக்கி டாக்கியில் சொல்லும் நொடியில் நிற்கவேண்டும், அவ்வளவுதான். இஸ்திரியிடம் திரும்பி, "சார், நீங்க என் நாற்காலியில உட்காருங்க. டிராக்டர் சந்திப்பைத் தாண்டினதும் நீங்களே நிறுத்தச் சொல்லுங்க" என்றேன். "இதென்ன விளையாட்டு?" என்றார். "உட்காருங்க" என்றார் அந்த அம்மாள். அவர் அன்றைக்கு வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவை.

டிராக்டர் வந்தது. இஸ்திரி பார்த்துக்கொண்டே இருந்தார். தொட்டிக்கு முன்னால் வந்தது, மறைத்தது, விலகியது. "தாண்டிடுச்சு. நிறுத்துங்க" என்றார், குரலில் ஒரு சந்தேகம் இல்லாமல். டிராக்டர் நின்றது. நான் வாக்கி டாக்கியை வாங்கி, "அண்ணே, சந்திப்பு உங்களுக்குப் பின்னால எவ்வளவு தூரம்?" என்று கேட்டேன்.

டிராக்டர்காரர் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார். "பின்னாலயா? எனக்கு முன்னாலல்லவா இருக்கு. நான் இன்னும் வந்து சேரவே இல்லைம்மா."

இஸ்திரி எழுந்து கண்ணாடிக்கு அருகில் போய் நின்றார். கையைக் கண்ணுக்கு மேலே குடை பிடித்துப் பார்த்தார். சட்டை முதுகில் வியர்வை இறங்கி, நான் அறிந்து முதல் தடவையாக அவர் சட்டையின் மடிப்பு கலைந்தது. தூரத்தை அளக்கச் சொன்னார் அந்த அம்மாள். சக்கரம் வைத்த அளவுகோலை உருட்டினார்கள். நூற்று நாற்பத்தொன்று.

"ஒரு வருஷமா நானும் அந்தத் தொட்டியைத்தான் பார்த்துட்டு இருந்தேன்" என்றார் இஸ்திரி. யாரும் கேட்காமல், தானாகவே சொன்னார். அந்த ஒன்றுக்காக அவரை மன்னித்துவிட்டேன், முக்கால்வாசி.

நானும் என் பங்கைச் சொன்னேன். "நான் தொட்டியைப் பார்த்தேன், விமானத்தோட வேகத்தைப் பார்க்கலை. அது ஊர்ந்ததைக் கவனிச்சிருக்கணும். அதையும் எழுதிக்குங்க" என்றேன். எழுதிக்கொண்டார்கள். அப்புறம் நரைத்த தலை அம்மாள் என் லைசென்ஸை எடுத்து, மேஜைமேல் வைக்காமல் என் கையில் கொடுத்தார். "தொட்டியை இன்னியோட மறந்துடுங்க எல்லாரும்" என்றார். சந்திப்பின் இரண்டு ஓரத்திலும் பெரிய ஆரஞ்சுப் பலகைகள் வைக்கப்போகிறார்கள். எத்தனை வெயில் அடித்தாலும் தெரியும்.

படி இறங்கும்போது தோழி என்னைக் கட்டிக்கொண்டு, "நான் வந்து சொல்லியிருக்கணும்" என்று அழுதாள். சொல்லியிருக்கணும்தான். ஆனாலும் நானும் சேர்ந்து அழுதேன்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு என் முறை. நான் இன்னும் தரையில் நடக்கவில்லை, தம்பி.

அக்கா

*

ஜூன் 29

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். கடித மூட்டையை லாரியிலிருந்து இறக்க விடாமல் லாரி மேலேயே ஏறி உன் கடிதத்தைப் பிரித்துப் படித்தேன். கூடாரம் கூடாரமாகப் போய், "எங்க அக்கா ஜெயிச்சுட்டா" என்று சொன்னேன். சமையல்காரர், "எதுல?" என்று கேட்டார். விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் சோறு அடிப்பிடித்துவிட்டது. ஒருத்தரும் முணுமுணுக்கவில்லை.

நூற்று நாற்பத்தொன்று என்று எழுதியிருக்கிறாய். நான் சொன்னது நூற்று நாற்பத்து நான்கு. அந்த மூன்று மீட்டர் தொட்டியின் வயிறு. நான் கணக்குப் போட்டது தொட்டியின் நடுவுக்கு, உங்கள் தலைவர் தொட்டி முழுசாகத் தெரிந்த பிறகுதான் நிறுத்தச் சொல்லியிருக்கிறார். என் கணக்கில் பிசகு இல்லை.

அளவுப் புத்தகம் இருக்கிறது. முளை அடித்த தேதியும் அளவும் உதவியாளரின் கையொப்பமும் அதில் இருக்கின்றன. என் கோப்பைத் திரும்பத் திறக்கவேண்டும் என்று எழுதிப்போட்டேன். ஜூலை 24 காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். முந்தின நாள் பிற்பகல் விமானத்தில் வருகிறேன், மூன்று நாற்பதுக்கு இறங்கும். நீ வேலையில் இருப்பாயா?

தம்பி

*

ஜூலை 23, உன் சமையலறை மேஜை

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகமாக வந்து சேர்ந்தேன். உனக்கே தெரியும். அத்தான் மருந்துக்கடையில், சின்னவள் பள்ளிக்கூடத்தில். எதிர் வீட்டில் சாவி வாங்கிக்கொண்டேன். நீ வர இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது. நேரில் சொன்னால் நடுவில் குறுக்கே பேசுவாய், அதனால் எழுதி வைக்கிறேன்.

நாளைக்கு என்ன ஆகும் என்று தெரியாது. பெரிய இஞ்சினியர் இப்போது இன்னும் பெரியவராகிவிட்டார், மேஜைக்கு அந்தப் பக்கம் அவரும் உட்கார்ந்திருப்பார். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்கு வாய் கட்டிவிட்டது. நாளைக்குக் கட்டாது. வரும் வழியில் ஒன்றைப் பார்த்தேன், அதனால்தான் சொல்கிறேன்.

நான் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். வெயில் கொளுத்தியது. விமானம் தாழ இறங்கும்போது கீழே கான்கிரீட் முழுக்க ஒரே வெள்ளை, நீ எழுதியது போலவே. சக்கரம் தரையைத் தொட்டது. அப்போது குறுக்கு ரன்வேயின் முனையில் ஒரு சின்ன விமானம் தெரிந்தது, முகத்தை எங்கள் பக்கம் திருப்பிக்கொண்டு, மூக்கில் விசிறி சுற்றிக்கொண்டு. புறப்பட எல்லாம் தயாராக, புறப்படாமல் நின்றது. நாங்கள் ஓடினோம். ஆரஞ்சுப் பலகை வந்தது, போனது, இன்னொன்று வந்தது, அதுவும் போனது. நான் கழுத்தை முறித்துக்கொண்டு பின்னால் பார்த்தேன். அது இன்னமும் நின்றது. நாங்கள் முழுக்கத் தாண்டி, வேகம் குறைந்து, அதன் பிறகுதான் மெல்ல அசைந்தது, ஓடியது, எழும்பியது.

அத்தனை பேரில் ஒருத்தரும் அதைக் கவனிக்கவில்லை. எல்லோரும் மேலே பையைத் தேடிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது, அடக்கவும் தோன்றவில்லை. பக்கத்து இருக்கைக்காரர் பத்திரிகையை மடித்துவிட்டு, "என்ன சார், உடம்புக்கு முடியலையா?" என்று கேட்டார்.

ஜன்னலுக்கு வெளியே டவரைக் காட்டி, "எங்க அக்கா" என்றேன்.

பயணக் களைப்பு, கொஞ்சம் படுக்கிறேன். வந்ததும் எழுப்பு.

தம்பி